என்னைத் தேடி நானும் மலை ஏறினேன்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போனில் தமிழ் அடிப்பதற்குள் விரல் சுளுக்கிக்கொள்கிறது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது கடவுளுக்கே வெளிச்சம். அதோடு, ரயிலில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து தூங்குவது, கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே தூங்குவது என்பது நம் கூட்டத்தின் கொள்கை. அதை மீறவும் மனசில்லை.

ஆனால் நேற்று நம் ரயில் குரூப்பில் அவன் ஒரு போட்டோ போட்டான் பாருங்கள். முட்டிவரை பனி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, முதுகில் ஆளுயர மூட்டை, பின்னால் எங்கோ வடக்கே ஒரு வெள்ளை மலை. உடனே நீங்கள் எல்லாரும் நெருப்பும் இதயமும் கைதட்டலுமாகக் கொட்டித் தீர்த்துவிட்டீர்கள். போன மாதம் நான் பங்காருபேட்டை ஸ்டேஷனில் ஓடுகிற ரயிலைத் துரத்திப் பிடித்த வீடியோவுக்கு ஒருத்தன் ஒரு கட்டைவிரல் போட்டான். அதுவும் தவறிப்போய்க் கை பட்டது என்றான்.

சரி, எனக்குப் பொறாமைதான். இன்று நேற்றுப் பொறாமை இல்லை, பழைய சரக்கு. முன்மண்டையில் முடி குறைய ஆரம்பித்த பிறகும் குறையாத பொறாமை. நீங்கள் ஜூம் பண்ணிப் பார்த்து, “அவன் பைல தொங்குதே, அது இன்னா மெடலு?” என்று கேட்டீர்கள் அல்லவா, அந்த வட்டமான பித்தளைத் துண்டு? அது மெடல் இல்லை. அது என்ன என்று இந்த ஊரில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தப் பாடு.

அவன் என் பெரியப்பா பையன். என்னைவிட மூன்று மாதம் பெரியவன். அந்த மூன்று மாதத்துக்காக அவனை நான் “அண்ணா” என்று கூப்பிட வேண்டும் என்று எங்கள் வீட்டில் சட்டம். நான் ஏழாவது முடித்த கோடை லீவில் பெரியப்பா அவனைப் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து ஸ்கெலட்டன் ஏரியாவில், மைன்ஸ் கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீட்டு வாசலில் இறக்கினார். காபிகூடக் குடிக்காமல் அதே ஆட்டோவில் திரும்பிவிட்டார். “லீவு முழுக்க இங்கயே இருக்கட்டும், ஊர்க்காத்து ஒடம்புக்கு நல்லது” என்று அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாள். எங்கள் ஊர்க்காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். தங்கச் சுரங்கம் கொட்டிவைத்த சைனைடு மேட்டிலிருந்து மண் கிளம்பினால் தோசைக்கல்லில் நறநறக்கும். அதைச் சாப்பிட ஒருவனைப் பெங்களூரிலிருந்து அனுப்புகிறார்கள் என்றால் வீட்டில் வேறு ஏதோ இருக்கிறது என்று பெரியவர்களில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டாமா? உறைத்ததோ என்னவோ, வாயைத் திறக்கவில்லை. எனக்கு அன்று கண்ணில் பட்டதெல்லாம் அவன் பை.

அந்தப் பையைச் சொல்லியாக வேண்டும். நீல நிறம். உள்ளே தண்ணீருக்கு ஒரு ரப்பர் பை. அதிலிருந்து ஒரு குழாய் தோள் வழியாக வாய்க்கு வரும். நடந்துகொண்டே உறிஞ்சலாம். நெஞ்சுப் பட்டையில் ஒரு விசில். பக்கத்தில் திசை காட்டும் முள். காலில், கணுக்கால்வரை ஏறும் பழுப்பு ஷூ. பள்ளிக்கூடத்தில் மலையேற்ற கேம்ப் போனபோது வாங்கியதாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் எங்களைக் கூட்டிப்போன ஒரே இடம் போலியோ ஊர்வலம்.

என் தங்கை முதல் நாளே கட்சி மாறினாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே சுற்றினாள். அம்மா அவனுக்கு முழு ஆம்லெட் போட்டாள், எனக்கும் தங்கைக்கும் ஆளுக்குப் பாதி. கேட்டால், “அவன் விருந்தாளி டா” என்றாள். விருந்தாளி எத்தனை நாள் விருந்தாளி என்று கேட்டேன். அந்தப் பாதியும் போனது.

அவனுக்கு எங்கள் பேச்சு வேறு சிரிப்பு. “அது என்ன கீது, கீறான்? இருக்கு, இருக்கான்னு சொல்ல வராதா?” என்பான். தங்கையும் அவனோடு சேர்ந்து “இருக்கு, இருக்கான்” என்று பேச ஆரம்பித்தாள். இரண்டு நாள். பசி வந்ததும், “சோறு கீதாமா?” என்று அவளே கேட்டாள்.

இந்த இடத்தில் என் மாமா வருகிறார். அம்மாவின் தம்பி. மைசூர் மைன்ஸ் லைனில் தனியாக இருந்தார். செகண்டில் ஒரு குட்டி யானை லோடு வண்டி வாங்கி, கல்யாணத்துக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிற கடைக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கோடையில் சவாரி இல்லாத நாளெல்லாம் எங்கள் மூவரையும் மலைக்குப் பழக்குகிறேன் என்று கிளம்பிவிடுவார். மாமாவுக்கு மலை என்றால் பைத்தியம். அவர் அப்பா காலமெல்லாம் பூமிக்குள் இறங்கினவர், அதற்குப் பதிலாக இவர் மேலே ஏறுகிறார் என்று அம்மா சொல்வாள்.

முதல் பழக்கம் சைனைடு மேட்டில். மழை அரித்த பள்ளங்களில் வெறுங்காலை வைத்து நான் சரசரவென்று ஏறிவிட்டேன். அண்ணன்காரன் ஷூவோடு பாதிவரை வந்தான், அதே ஷூவோடு அடிவரை வழுக்கினான். மாவு மில்லில் விழுந்த பூனை மாதிரி எழுந்தான். நான் வயிற்றைப் பிடித்துச் சிரித்து முடிப்பதற்குள் அவன் விசிலை எடுத்து மூன்று முறை ஊதினான். ஆபத்து என்றால் அப்படித்தான் ஊத வேண்டுமாம். மாமா ஓடினார், தங்கை ஓடினாள், ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கூட ஓடினார். மேலே முதலில் போய் நின்ற என்னை ஒரு ஆடு மட்டும் பார்த்தது.

திரும்பும்போது அவன் திசை முள்ளை எடுத்து, “இதுதான் வடக்கு” என்றான். பழைய சுரங்க ஷாஃப்ட்டின் இரும்புக் கோபுரத்தடியில் நின்றுகொண்டு காட்டினான். அத்தனை இரும்புக்குப் பக்கத்தில் முள் பாவம் என்ன செய்யும்? தள்ளாடித் தள்ளாடி ஒயின் ஷாப் பக்கம் திரும்பி நின்றது.

“கரெக்டாதான் காட்டுது. இந்த ஊர்ல பாதிப் பேருக்கு அதான் வடக்கு” என்றார் மாமா.

அதற்கும் தங்கை அவனைத்தான் பெருமையாகப் பார்த்தாள்.

அடுத்தது பேத்தமங்கலா பயணம். ஒரு கல்யாணத்துக்கு நாற்காலி இறக்கிவிட்டு, அப்படியே ஏரிக்கரையில் நடக்கலாம் என்று திட்டம். குட்டி யானையில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரே சீட். காலையில் பல்கூடத் தேய்க்காமல் ஓடிப்போய் அதில் உட்கார்ந்துவிட்டேன். உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது, வண்டி ஊரைத் தாண்டும்வரை. அந்த வண்டியில் எஞ்சின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது என்பது கிளம்பின பிறகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் வெந்தது. மறுபக்கம் சாய்ந்தேன். அதுவும் வெந்தது.

பின்னால் என்ன நடந்தது தெரியுமா? பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே மாப்பிள்ளை பொண்ணு உட்காருகிற சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் இரண்டு இருந்தன. தங்கக் கலர் சிங்கத்தலைக் கைப்பிடி வைத்தவை. அவனும் தங்கையும் ஆளுக்கு ஒன்றில் ராஜா மாதிரி உட்கார்ந்து, வழியெல்லாம் கை ஆட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஊர்ப் பசங்கள் விசில் அடித்திருக்கிறார்கள். வேகத்தடையில் வண்டி நின்றபோது டீக்கடைக்காரர் இரண்டு பேருக்கும் பன் கொடுத்திருக்கிறார். இறங்கும்போது அவன் வாயோரம் பன் துகள். நான் உட்கார முடியாமல் நின்றேன்.

“திரும்பறப்ப நான் பின்னால” என்றேன்.

“தாராளமா” என்றார் மாமா.

திரும்பும்போது நாற்காலிகள் எல்லாம் கல்யாண வீட்டில். பின்னால் இருந்தது சாம்பார் வடிந்த காலி அண்டா இரண்டு. அவன் முன்சீட்டில் அவனுடைய பையையே நான்காக மடித்துப் போட்டுச் சூடு படாமல் வந்தான். படித்தவன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு நாள்தான் மாமா அதைச் சொன்னார். யாரோ ஒரு குடும்பம் வீடு மாற்றிக்கொண்டு மெட்ராஸ் போகிறது, சாமான் ஏற்றிக்கொண்டு போகிற சவாரி மாமாவுக்கு. இறக்கிவிட்டு, பீச் பார்த்துவிட்டு வருவார். “ஹைவேல பின்னால பசங்கள ஏத்தினா போலீஸ் புடிப்பான். முன்னால ஒரு ஆள்தான்.”

நான் கடலைப் பார்த்ததில்லை. காலண்டரில் பார்த்திருக்கிறேன். அப்பாவிடம் கேட்டால் “அடுத்த வருஷம்” என்பார். அப்பாவின் அடுத்த வருஷம் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அடுத்த வருஷமாகவே இருந்தது. அந்த ஒரு சீட் எனக்கு எவ்வளவு வேண்டும் என்றால், எஞ்சின்மேல் பாயை விரித்துப் படுத்துக்கொண்டேகூடப் போயிருப்பேன்.

“ஆவணி பெட்டா ஏறி, உச்சியில கோயில் மணிய அடிச்சிட்டு, மொதல்ல எறங்கி வந்து பில்லைய மாட்டறவன் என்கூட வர்றான்” என்றார் மாமா.

பில்லை என்ன என்று உங்கள் வீட்டுத் தாத்தாக்கள் சொல்லியிருப்பார்கள். சொல்லாதவர்களுக்கு நான் சொல்கிறேன். மைன்ஸ் ஓடிய காலத்தில் ஷிஃப்ட்டுக்கு உள்ளே இறங்குகிற ஒவ்வொருத்தனும் டைம் ஆபீஸ் பலகையிலிருந்து நம்பர் அடித்த தன் பித்தளைப் பில்லையை எடுத்துக்கொண்டு கேஜ் என்கிற கம்பிக்கூண்டு லிஃப்டில் இறங்குவான். ஏறி வந்ததும் அதே ஆணியில் மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். ஒருத்தன் பில்லையை இன்னொருத்தன் மாட்டக் கூடாது. மைன்ஸ் மூடின பிறகு பழைய இரும்புக் கடையில் கிடந்த சிலதை மாமா பொறுக்கி வைத்திருந்தார். குட்டி யானையின் பின்கதவில் ஒரு பலகை, அதில் ஆணி. மலை அடியில் ஆளுக்கொரு பில்லை தருவார், இறங்கினதும் அவரவர் கையால் மாட்ட வேண்டும். மூன்றும் ஆணிக்கு வந்தால்தான் சாவியே போடுவார்.

விளையாட்டு என்று நினைக்காதீர்கள். மாமாவுக்கு அது விளையாட்டே இல்லை. அவர் அப்பா, அதாவது அம்மாவைப் பெற்றவர், ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து பில்லை மாட்டவில்லை. நாலு பேர் வந்து, “அவன் அப்பவே ஏறிட்டான், பஜார்ல பீடி வாங்கிக்கினு நின்னான், கண்ணால பாத்தோம்” என்று சொன்னார்களாம். டைம் ஆபீஸ்காரர் கேட்கவில்லை. “பில்லை வரல, ஆள் வரல” என்று கேஜைத் திருப்பி இறக்கினார். அடியில் ஒரு லெவலில், அதாவது சுரங்கப்பாதையில், முட்டுமரம் சரிந்து கால்மேல் கிடக்க, பேச்சில்லாமல் கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். பீடி வாங்கினவன் அவரைப் போலவே இருக்கிற வேறு யாரோ. அதற்கு அப்புறம்தான் மாமா பிறந்தார். “அந்தாளு கண்ண நம்பியிருந்தா நான் ஏதுடா?” என்பார். அதனால் எங்கள் மாமா கண்ணை நம்புவதில்லை.

ஆவணி பெட்டா மலையடிக்குப் போய்ச் சேர்ந்தோம். பில்லையைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போடச் சொன்னார் மாமா. அண்ணனும் தங்கையும் போட்டுக்கொண்டார்கள். எனக்கு மட்டும் நாய்க்குக் கட்டுகிற மாதிரி இருந்தது. நிக்கர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அந்த நிக்கர் யாருடையது தெரியுமா? போன வருஷம் அவன் போட்டுக் கழித்தது. பெரியம்மா மூட்டை கட்டி அனுப்பினது. அதன் பாக்கெட்டில் ஓட்டை இருந்தது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

ஓடினேன். படிக்கட்டில் பாதி, பாறையில் பாதி. வெயிலில் பாறை சுட்டது, என் கால் தோலுக்கு அதெல்லாம் பழக்கம். உச்சியில் சீதையம்மா கோயில் மணியை அடித்தபோது அவன் கீழே சுனைப் பக்கம் குழாயை உறிஞ்சிக்கொண்டிருந்தான். இறங்கும்போது வழுக்குப் பாறையில் உட்கார்ந்தே சறுக்கினேன். நிக்கர் அவனுடையது, கிழிந்தால் எனக்கென்ன?

முதலில் வந்தேன். கடல் என் காலடியில் வந்து நின்றது. பலகை முன்னால் போய்ப் பாக்கெட்டில் கை விட்டேன். கை அந்தப் பக்கம் தொடையில் வந்து நின்றது.

“பில்லை எங்க?” என்றார் மாமா.

“விழுந்துடுச்சி போல மாமா.”

“அப்போ நீ இன்னும் வரல.”

“மாமா, நான்தான் மொதல்ல வந்தேன். இதோ நிக்கறேனே!”

“பில்லை வரல. நீ இன்னும் மேலதான் கீற.”

சிரிக்கப்போகிறார் என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. அண்ணன் மெதுவாக வந்து, அவனுடையதை மாட்டினான். அதற்கு அப்புறம் தங்கை வந்து, அவளுடையதை மாட்டினாள். மூன்றாவது ஆணி காலி. அதையே பார்த்துக்கொண்டிருந்த மாமா, கயிறும் தண்ணீர் கேனும் எடுத்தார். செருப்பைக் கழற்றி வண்டிக்கு அடியில் விட்டார்.

“எங்க மாமா?”

“பையன் மேல மாட்டிக்கினான். தேட வேணாமா?”

அடிவாரத்தில் பூ விற்கிற அம்மா பதறிப்போய், யாரைக் காணோம் என்று கன்னடத்தில் கேட்டாள். “எங்க அக்கா பையன்மா” என்றார் மாமா. எப்படி இருப்பான் என்று கேட்டாள். மாமா என் தோளைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். “இதே மாதிரி இருப்பான். இதே சட்டைதான்.”

“அப்போ இது யாரு?”

“இவன்தான்மா.”

அந்த அம்மா பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

தங்கையைப் பூக்கார அம்மாவிடம் விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் ஏறினோம். கீழேயிருந்து தங்கை வாயில் கை வைத்துக் கத்தினாள். “அண்ணா! எங்க கீற?”

“இங்கதான்டி கீறேன்!”

“நீ சும்மா இரு! நான் மேல இருக்கற அண்ணனக் கூப்பிடறேன்!”

என்னைத் தேடி நானும் மலை ஏறினேன். ஒவ்வொரு பாறைச் சந்திலும் மாமா தலையை விட்டு என் பேர் சொல்லிக் கூப்பிட்டார். முதல் இரண்டு மூன்று தடவை நான் பின்னாலிருந்து “இன்னா மாமா?” என்றேன். அவர் திரும்பவே இல்லை. அதற்கப்புறம் பதில் சொல்லவில்லை. அவர் குரல் மாறிப்போயிருந்தது. சந்துக்குள் கூப்பிட்டுவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். கேட்டுவிட்டும் நகராமல் அங்கேயே நிற்பார். அன்று களைப்பு என்று நினைத்தேன். அவர் எந்த லெவலில் யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று இப்போது யோசித்தால்தான் தெரிகிறது.

சுனைக்கரையில் அண்ணனின் ஷூ வாயைப் பிளந்தது. அடிப்பாகம் முழுசாகப் பிய்ந்து, செத்த மீன் மாதிரி பாறையில் கிடந்தது. சுடுகிற பாறையில் அவன் ஒற்றைக் காலில் ஆடின ஆட்டத்தைப் பார்த்து, தொலைந்து போனவன் என்பதையும் மறந்து சிரித்தேன். “ரெண்டு பேரும் இங்கயே குந்துங்க, நகராதீங்க” என்று சொல்லிவிட்டு மாமா உச்சிக்குப் போனார்.

சுனையில் காலை விட்டு உட்கார்ந்தோம். அவன் நீலப் பையின் பட்டையைத் திறந்தான். உள்ளேயிருந்து என் பில்லையை எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தான்.

அவன்மேல் பாய்ந்துவிட்டேன். “திருட்டு நாயே, நீதான் எடுத்தியா?”

“எடுக்கல! இங்கதான் கிடந்தது. குடுக்கலாம்னுதான் இறங்கினேன்.”

“அப்போ ஏன்டா குடுக்கல? பீச்சுக்கா?”

“பீச் நான் பாத்திருக்கேன்டா. அதுக்கில்ல.” குழாயை வாயில் வைத்தான், உறிஞ்சாமல் எடுத்தான். “அதுக்குள்ள உங்க மாமா உன்னைத் தேடக் கிளம்பிட்டாரு. நீ எதிர்ல நிக்கறப்பவே. எங்க வீட்ல நான் எதிர்ல நின்னாக்கூட யாரும் பாக்க மாட்டாங்க. கத்திக்கிட்டே இருப்பாங்க. அதான், கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருக்கலாம்னு...”

முடிக்கவில்லை. அந்தப் பைக்காகவும் ஷூவுக்காகவும் ஆம்லெட்டுக்காகவும் நான் வயிறெரிந்துகொண்டிருந்த அதே நாட்களில் அவன் என்னைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தான். அதுவும் எதற்கு, இந்தக் கிறுக்கு மாமாவுக்காக! கையில் இருந்த பிடி தானாகவே விட்டது.

மாமா இறங்கி வந்தார். நான் பில்லையை நீட்டினேன். கட்டைவிரலால் நம்பரைத் தடவிப் பார்த்தார். பளார் என்று ஒன்று விட்டார். அடுத்த நொடி என் தலையை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். டீசல் வாசம்.

“எங்கடா போயிருந்த இவ்ளோ நேரம்?”

“இங்கதான் மாமா, பாறைக்கு அடியில” என்றேன்.

அவன் எடுத்து வைத்திருந்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மெட்ராஸ் சீட் எனக்கு. நாக்கு நுனிவரை வந்தது. நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள், எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் கிடையாது. சொன்னால் மாமா அவனை ஏன் என்று கேட்பார். அவன் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும், கீழே தங்கைக்கும் பூக்கார அம்மாவுக்கும் முன்னால். அவ்வளவுதான். விட்டுவிட்டேன். விட்டேனே தவிர, அந்தச் சீட்டை நினைத்தால் இப்போதும் எங்கோ சுருக்கென்கிறது.

சட்டப்படி அவன்தான் போனான். வண்டி கிளம்பின அன்று நான் டாட்டா காட்டவில்லை. திரும்பி வந்ததும் அவன் முதலில் என்னைத்தான் தேடினான். பையிலிருந்து குழாயை இழுத்து, “உனக்குத்தான்” என்றான். ரப்பர் பை முழுக்கக் கடல். மெட்ராஸிலிருந்து சுமந்துகொண்டு வந்திருக்கிறான். வெயிலில் வெந்து, ரப்பர் வாசமும் உப்பும் கலந்து, உள்ளே மணல் வேறு. நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். குழாயை வாயில் வைத்து ஒரே இழுப்பு. முழுங்கவும் முழுங்கினேன். அம்மா மோர் கொடுத்து வாந்தி நிற்கச் சாயங்காலம் ஆனது. நான் முதன்முதலில் அனுபவித்த கடல் அதுதான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பெரியப்பா வந்தார், வந்த மாதிரியே காபி குடிக்காமல். அவனை ஹாஸ்டலில் சேர்க்கப்போவதாக அப்பாவிடம் வாசலிலேயே சொன்னார். பெரியம்மா அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அவன் பையை எடுத்துக்கொண்டான். அடி பிய்ந்த ஷூவை விட்டுவிட்டுப் போனான். அதை நான் ரொம்ப நாள் சணல் கட்டிப் போட்டுத் திரிந்தேன்.

மறுநாள் மாமா வண்டியைத் துடைக்கும்போது பலகையில் ஒரு ஆணி காலி. அவனுடைய பில்லை. போகிற அவசரத்திலும் யாருக்கும் தெரியாமல் கழற்றிக்கொண்டு போயிருக்கிறான்.

“பாத்தியா மாமா, திருடிக்கினு போயிட்டான்!” என்று குதித்தேன்.

“உள்ள எறங்கறவன் எடுத்துக்கினுதான்டா போவான்” என்றார் மாமா. “வந்தா மாட்டுவான்.”

மற்றது உங்களுக்கே தெரியும். போன வருஷம் ஒயிட்ஃபீல்டில் அதே ஆள் நம் பெட்டியில் ஏறினான். நான் அடையாளம் கண்டு கத்தினேன். நீங்கள் அவனை குரூப்பில் சேர்த்தீர்கள். அவன் தூக்குகிற மூட்டைக்கும் போடுகிற போட்டோவுக்கும் மயங்கி, என் கூட்டாளிகளான நீங்களும் என் தங்கை மாதிரியே கட்சி மாறிவிட்டீர்கள். ஊருக்கு வாடா என்றால் “வர்றேன், வர்றேன்” என்பான். அடுத்த வாரம் வேறு ஒரு மலையிலிருந்து போட்டோ வரும்.

மாமா குட்டி யானையை விற்றுவிட்டார். பலகையை மட்டும் கழற்றி வீட்டு வாசல்படிக்கு மேலே அடித்து வைத்திருக்கிறார். நேற்று அந்தப் போட்டோவை அவரிடம் காட்டினேன். பனியைப் பார்க்கவில்லை, மலையைப் பார்க்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தப் பித்தளையைப் பார்த்தார். இன்று காலை நான் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். “மலையவுட்டு எறங்கிட்டானாடா?” என்றார். தெரியாது என்றேன். நாளைக்கும் நிற்பார். அவர் கயிறும் கேனும் எடுத்துக்கொண்டு வடக்கே ரயில் ஏறுவதற்குள் யாராவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும் என்பதால்தான் இவ்வளவும் அடித்தேன்.

டேய், இதைப் படிக்கிறாய் என்று தெரியும். அண்ணன் என்று கூப்பிட மாட்டேன், அந்த மூன்று மாதத்தை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டாளி என்று வேண்டுமானால் கூப்பிடுகிறேன். என்னைக் கடல் குடிக்க வைத்த கூட்டாளி, நீ இறங்கினாயா, இல்லையா?

இதை ரயில் பங்காருபேட்டை தாண்டும்போது குரூப்பில் அனுப்பினேன். மாலூர் வருவதற்குள் பதில் வந்தது:

“எறங்கிட்டேன்டா கூட்டாளி, பில்லை பத்திரமா கீது, நான் வர்ற வரைக்கும் அந்த ஆணியப் புடுங்கிட வேணாம்னு மாமாகிட்ட சொல்லு.”